‘வெள்ளம்’ என்று பொருள் எழுதினால் போதுமா?

(ஆங்கில ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காரைக்கால், மாகே, ஏனாம் பகுதிகளிலிருந்து பயணம் செய்து வந்திருக்கும் ஆசிரியர்களுக்குத் தனி வணக்கம். உங்கள் வருகை இந்த உரைக்கு எவ்வளவு தேவை என்பது சற்று நேரத்தில் தெரியும்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘சொற்பொருள் கற்பித்தல்’. அதைப் பொதுப்படையாகப் பேசுவதைவிட, ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் அடி வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அந்தச் சொல் ‘இனன்டேஷன்’.

நம் வகுப்பறையில் இந்தச் சொல் வந்தால் என்ன செய்கிறோம்? கரும்பலகையில் எழுதுகிறோம். சமக்குறி போட்டு ‘வெள்ளம்’ என்று எழுதுகிறோம். மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் ‘ஃப்ளட்’ வருகிறது. அதற்கும் வெள்ளம். ஆண்டு முடிவதற்குள் ‘டெல்யூஜ்’ வந்துவிடுகிறது. அதற்கும் வெள்ளம்தான், கொஞ்சம் அக்கறையுள்ள ஆசிரியர் ‘பெருவெள்ளம்’ என்று எழுதுவார். மூன்றாவது முறை எழுதும்போது ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்: “மூணும் ஒண்ணுதானா மிஸ்? அப்புறம் எதுக்கு மூணு சொல்லு?”

கேட்க வேண்டிய கேள்வி இது. மூன்றும் ஒன்றில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் தண்ணீர் வேறு வேறு வேலை செய்கிறது. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது, நம் ஊரில், தேர்வு மதிப்பெண்ணோடு முடிகிற காரியமில்லை.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் விலகிப் போகாமல் தலைக்கு மேலேயே நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நகரில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது. ஆறு எதுவும் அந்தத் தெருக்களுக்குள் பாயவில்லை. வானத்திலிருந்து விழுந்த தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே ஏறி நின்றது.

நகரில் மழை ஓய்ந்தது. மக்கள் மூச்சுவிட்டார்கள். ஆனால் மேற்கே விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் மழை கொட்டியது. டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. வீடூர் அணைத் தண்ணீர் சங்கராபரணியில் வந்தது. மழை விட்ட பிறகுதான் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைத் தண்ணீர் சூழ்ந்தது.

ஒரே புயல், இரண்டு விதமான தண்ணீர். ஒன்று வந்து நின்றது. மற்றொன்று ஓடி வந்தது. தமிழில் செய்தி வாசிப்பவர் இரண்டையும் வெள்ளம் என்றுதான் சொன்னார். அதில் தவறில்லை. ஆனால் இரண்டிலிருந்தும் தப்பிக்கும் வழி வேறு. நிற்கிற தண்ணீருக்கு மேடு தேடினால் போதும். ஓடி வருகிற தண்ணீருக்கு, அது வருவதற்கு முன்பே ஆற்றங்கரையை விட்டு விலக வேண்டும். நம் ஊரில் மழை விட்டுவிட்டதே என்று இருந்துவிடக் கூடாது.

இப்போது ஆங்கிலச் சொற்களுக்கு வருவோம்.

‘ஃப்ளட்’ பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வீட்டுச் சொல். ‘ஃப்ளோ’, அதாவது ஓடுதல் என்ற சொல்லின் உறவு அது. ஆக, அதன் அடிப்படைப் படம் ஓட்டம். கடலில் நீர் ஏறி வருவதை ஆங்கிலேயர் ‘ஃப்ளட் டைட்’ என்பார்கள். அங்கே சேதம் எதுவும் இல்லை, நீர் உள்நோக்கி ஓடி வருகிறது, அவ்வளவுதான்.

‘டெல்யூஜ்’ பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீனில் ‘டிலுவியம்’. அதன் வினைச்சொல்லுக்குக் கழுவிக்கொண்டு போதல் என்று பொருள். ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை நீர் கலந்து நீர்க்கச் செய்வதை ‘டைல்யூட்’ என்கிறோமே, அதுவும் இதே வினையிலிருந்து பிறந்ததுதான். ஆக, டெல்யூஜ் என்றால் இருந்ததை இல்லாமல் கழுவித் துடைத்துப் போகும் வெள்ளம். விவிலியத்தில் நோவா காலத்து வெள்ளத்துக்கு இந்தச் சொல் நிலைத்துப் போனதற்கு அதுவே காரணம். தமிழில் இதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல் ‘பிரளயம்’.

இனி நம் சொல். லத்தீனில் ‘உந்தா’ என்றால் அலை. அதன் முன்னே ‘இன்’ சேர்ந்து, மேலே அல்லது உள்ளே அலை வருதல் என்ற வினை உண்டானது. அதிலிருந்து பிறந்தது ‘இனன்டேஷன்’. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘இனன்டேட்’ என்ற வினைச்சொல் அதற்குப் பிறகுதான் வழக்குக்கு வந்தது. இந்தச் சொல்லில் பார்வை ஆற்றின் மேல் இல்லை, நிலத்தின் மேல் இருக்கிறது. உலர்ந்திருக்க வேண்டிய நிலத்தின் மேல் நீர் ஏறி, அதை மூடிவிட்டது. “வீட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு” என்று நம் பிள்ளைகள் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். அகராதித் தமிழில் தேடுவதைவிட இந்த வீட்டுப் பேச்சு அந்த லத்தீன் படத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

மொழியியலாளர்கள் இந்த ‘உந்தா’வை இன்னும் பின்னோக்கிக் கொண்டுபோகிறார்கள். ஆங்கிலத்தின் ‘வாட்டர்’, ‘வெட்’, சமஸ்கிருதத்தின் ‘உதகம்’, ‘சமுத்திரம்’ எல்லாம் ஒரே வேரின் கிளைகள் என்கிறார்கள். நீர் எல்லாம் ஒன்றுசேரும் இடம் சமுத்திரம். நம் முன்னோர் பெரிய ஏரி வெட்டியபோது அதற்கும் சமுத்திரம் என்று பெயர் வைத்தார்கள். அம்பாசமுத்திரம் போன்ற ஊர்ப்பெயர்களில் அந்தப் பெயர் நிற்கிறது. முதல் வகுப்பில் படித்த ‘வாட்டர்’ என்ற சொல்லுக்கும் பெரிய வகுப்பில் மிரட்டுகிற ‘இனன்டேஷன்’ என்ற சொல்லுக்கும் உறவு உண்டு என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பயம் போய்விடும்.

‘உந்தா’வின் குடும்பம் பெரியது. ‘அபவுண்ட்’, ‘அபண்டன்ஸ்’: விளிம்பு தாண்டி வழியும் அளவுக்கு நிறைவு. ‘ரிடன்டன்ட்’: வழிந்து மிஞ்சியது, ஆகவே தேவைக்கு மேற்பட்டது. எனக்கு மிகவும் பிடித்தது ‘சரவுண்ட்’. வட்டம் என்று பொருள்படும் ‘ரவுண்ட்’ இதற்குள் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் இது ‘மேலே அலையாகப் பெருகுதல்’ என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆங்கிலத்தில் முதலில் இதற்கு நீரில் மூழ்கடித்தல் என்றே பொருள். ‘ரவுண்ட்’ போல ஒலித்ததால் பிற்காலத்தில் சுற்றி வளைத்தல் என்ற பொருள் ஏறிக்கொண்டது. வெள்ளச் செய்தியில் நாம் என்ன எழுதுகிறோம்? “கிராமத்தை வெள்ளநீர் சூழ்ந்தது.” ஆங்கிலத்தில் மூழ்குதல் சூழ்தலாக மாறியது, தமிழிலோ வெள்ளம் சூழவே செய்கிறது. இதைக் கேட்ட மாணவர் ‘சரவுண்ட்’ என்ற சொல்லை மறக்க மாட்டார்.

அடுத்து எழுத்துக்கூட்டல். இந்தச் சொல்லில் பிள்ளைகள் இரண்டு தவறுகள் செய்வார்கள். முதலாவது, தொடக்கத்தில் இரண்டு ‘என்’ போடுவது. ‘இன்’ தனி, ‘உந்தா’ தனி என்று பிரித்துக் காட்டினால், அங்கே ஒரே ‘என்’தான் வர முடியும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். இரண்டாவது, நம் ஊருக்கே உரியது. பிரெஞ்சு படிக்கும் மாணவர் ‘யு’ வர வேண்டிய இடத்தில் ‘ஓ’ எழுதிவிடுவார். அது அறியாமையால் வருவதில்லை. பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்கு அங்கே ‘ஓ’தான். லத்தீன் ‘உந்தா’ பிரெஞ்சில் ‘ஓந்து’ ஆகிவிட்டது. அலை என்ற பொருளில் இன்றும் வழங்குகிறது, மைக்ரோவேவ் அடுப்புக்குப் பிரெஞ்சில் ‘மிக்ரோ-ஓந்து’ என்றுதான் பெயர். ஆங்கிலத்தில் ‘நம்பர்’ என்றால் பிரெஞ்சில் ‘நோம்ப்ரு’ என்பதும் இதே போக்கு. அந்த மாணவரின் விடையில் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன், “இது பிரெஞ்சு எழுத்து, இது ஆங்கில எழுத்து, அம்மா ஒருத்திதான்” என்று சொல்லுங்கள். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரில், பிரெஞ்சு வழியில் படித்த பெரியவர் இன்னும் சில வீடுகளில் இருப்பார். அவரிடம் போய் இந்தச் சொல்லைக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

இப்போது மாகே ஆசிரியர்களின் முறை. தமிழ் மாணவருக்கு வெள்ளம் என்றால் ஆபத்து. மாகே மாணவருக்கு வெள்ளம் என்றால் தாகத்துக்குக் குடிப்பது. மலையாளத்தில் அது வெறும் தண்ணீர். ஆபத்தான பெருக்கைச் சொல்ல அவர்களுக்கு ‘வெள்ளப்பொக்கம்’ வேண்டும்: தண்ணீர் பொங்கி உயர்தல். 2018இல் கேரளம் மூழ்கியபோது அவர்கள் செய்தித்தாள்களில் ‘பிரளயம்’ என்ற சொல் நிறைந்தது. கௌதமி கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம் ஆசிரியர்கள் ‘வரத’ என்பார்கள். ‘வெல்லுவ’ என்ற சொல்லும் தெலுங்கில் உண்டு, அது நம் வெள்ளத்தின் உறவு. காரைக்காலிலோ அரசலாற்றில் புதுவெள்ளம் வந்தால் ஆடிப்பெருக்கு நினைவுக்கு வரும். அங்கே பெருக்கு பயமில்லை, வரவேற்பு.

ஆங்கிலத்திலும் அந்த வரவேற்பு உண்டு. எகிப்தில் ஆண்டுதோறும் நைல் ஏறி வயல்களை மூடி, வண்டலை விட்டுப் போனதை வரலாற்று நூல்கள் ‘இனன்டேஷன்’ என்றே எழுதுகின்றன. அதை நம்பித்தான் அந்த நாகரிகம் பயிர் செய்தது. 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்த பிறகு அந்த ஆண்டுப் பெருக்கு நின்றுபோனது. ஆக, நிலம் நீரால் மூடப்பட்டது என்பதை மட்டுமே இந்தச் சொல் சொல்கிறது. நன்மையா தீமையா என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

உருவகப் பயன்பாட்டில் மட்டும் எச்சரிக்கை தேவை. தமிழில் மக்கள் வெள்ளம் என்கிறோம், மகிழ்ச்சி வெள்ளம் என்கிறோம். வெள்ளம் நமக்குப் பேரெண்ணும்கூட; கம்பர் வானரப் படையை எழுபது வெள்ளம் என்று கணக்கிடுகிறார். ஆங்கிலத்தில் ‘இனன்டேட்டட்’ என்பதும் பெருந்தொகையைக் குறிக்கும். ஆனால் அது தாங்க முடியாத சுமை. அலுவலகத்தில் விண்ணப்பங்கள் குவிந்து, ஊழியர் தலைதூக்க முடியாமல் இருந்தால் அந்தச் சொல் பொருந்தும். பாருங்கள், அங்கே தமிழ் குவியலைக் காண்கிறது, ஆங்கிலம் அலையைக் காண்கிறது. மகிழ்ச்சி வெள்ளத்தில் மிதந்தேன் என்பதை அப்படியே மாற்றி மகிழ்ச்சியால் ‘இனன்டேட்’ ஆனேன் என்று மாணவர் எழுதினால், மகிழ்ச்சி ஏதோ தொல்லை கொடுத்தது போல ஆகிவிடும். சமக்குறி போட்டுப் பொருள் எழுதுவதால் வரும் சேதம் இதுதான்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். புயல் காலத்தில் வானிலை அறிக்கைகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. புயல் கரையைக் கடக்கும்போது கடல்நீர் எழும்பித் தாழ்வான பகுதிகளை மூழ்கடிக்கும் என்று எச்சரிக்க அவர்கள் எடுக்கும் சொல் இதுவே. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2007இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. சுனாமி அறிவியலில் இரண்டு அளவுகள் உண்டு. கரையிலிருந்து எவ்வளவு தூரம் நீர் உள்ளே வந்தது என்பது இனன்டேஷன் தூரம். கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் ஏறியது என்பது ‘ரன்-அப்’. முதலாவது, எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது, எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று சொல்கிறது. சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லில் ‘சு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை. லத்தீன்காரரும் ஜப்பானியரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே படத்தைத் தேர்ந்திருக்கிறார்கள்.

நம் மாணவர்களில் பலருடைய வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அந்த மாணவர்தான். அப்பாவின் கைப்பேசியில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தால் பிள்ளையிடம்தான் நீட்டுவார்: “என்னடா போட்டிருக்கு?” அந்த நேரத்தில் “வெள்ளமாம்பா” என்று சொன்னால், அந்தத் தெருவில் ஆறு இல்லையே என்று அப்பா படுத்துவிடலாம். “நம்மள மாதிரி பள்ளமான இடத்துல தண்ணி ஏறிடுமாம்பா” என்று சொன்னால், அரிசியும் ஆதாரும் பரண்மேல் ஏறும். பாட்டி மேட்டு வீட்டுக்குப் போவார். அறிவிப்பில் ஆற்றின் பெயரோடு ‘ஃப்ளட்’ வந்தால், “மழை விட்டாலும் ஆத்துல தண்ணி வருமாம்பா” என்று அந்தப் பிள்ளை சொல்ல வேண்டும். நாம் கரும்பலகையில் எழுதுவது அவ்வளவு தூரம் போகிறது.

வகுப்பறைக்கு மூன்று யோசனைகள் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, சமக்குறிக்குப் பதில் படம். மூன்று கட்டங்கள் வரையச் சொல்லுங்கள். ஒன்றில் ஓடும் ஆறு, ஒன்றில் நீர் ஏறிய வீடு, ஒன்றில் எல்லாம் கழுவப்பட்ட நிலம். ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலச் சொல்லை எழுதி, அதற்குத் தங்கள் வீட்டில் சொல்லும் வாக்கியத்தையும் எழுதட்டும். “தண்ணி தேங்கிடுச்சு”, “ஏரி உடைச்சுக்கிச்சு”, “கரை புரண்டு வந்துச்சு” என்று பேச்சுத் தமிழிலேயே வரட்டும். ஏரி உடைப்புக்கும் தேக்கத்துக்கும் என்ன ஆங்கிலச் சொல் என்று அவர்களே கேட்பார்கள்.

இரண்டாவது, சொல் திரட்டு. தாத்தா பாட்டி, மீனவக் குடும்பங்கள், விவசாயிகள், பிரெஞ்சு அறிந்தவர்கள் ஆகியோரிடம் நீர் ஏறுவதற்கான சொற்களைக் கேட்டு வரச் சொல்லுங்கள். நான்கு பகுதிப் பள்ளிகளும் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்ளலாம். இப்படித் தமிழ், மலையாளம், தெலுங்கு, பிரெஞ்சு, ஆங்கிலம் ஐந்தும் கிடைக்கும் வாய்ப்பு இந்தச் சிறிய ஒன்றியப் பகுதியில் நமக்கு இருக்கிறது.

மூன்றாவது, அறிவிப்பு வாசிப்பு. ஆங்கிலத்தில் வந்த ஒரு பழைய வானிலை அறிக்கையை வகுப்பில் கொடுத்து, அதை வீட்டிலிருப்பவருக்கு இரண்டே வாக்கியத்தில் பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எங்கே, எப்போது, எந்த விதமான தண்ணீர், நாம் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள்.

ஒன்றே ஒன்று கவனம். நம் வகுப்புகளில் ஃபெஞ்சலில் புத்தகப்பை நனைந்து கூழான பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டில்மேல் இரவு முழுக்க உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை எழுப்பி, “உன் அனுபவத்தைச் சொல்லு” என்று கட்டாயப்படுத்த வேண்டாம். தானாகச் சொல்ல வந்தால் முழுதாகக் கேளுங்கள். இலக்கணத்தை அப்புறம் திருத்தலாம்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரே ஒரு பாடவேளையை இந்தச் சொற்களுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.